கேட்போரும் செய்யுள் உறுப்பே: தூது முதல் கைப்பேசி வரை

மக்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது நாள்தோறும் நிகழ்வது. அப்பேச்சைக் கலையாக்குவது எப்போதோ ஒருமுறை நிகழ்வது. பேச்சு மிகுந்த காலமெல்லாம் பேச்சுக்கலை மிகுந்த காலம் என்று கொள்வதற்கில்லை.

இற்றைநாளில் பேச்சுக்குக் குறைவில்லை. மலாக்கா மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தில் தாய் ஜாசினிலும், மகள் கோலாலம்பூரிலும், மகன் சிங்கப்பூரிலும் வாழ்வது இயல்பாகிவிட்டது. மூவரும் கைப்பேசியில் ஒரே குழுவில் இருக்கின்றனர். பொழுது விடிந்ததும் மலர்ப்படம் ஒன்று காலை வணக்கம் சொல்லிக்கொண்டு வருகிறது. அது தாய் எழுதியதன்று; யாரோ யாருக்கோ எழுதியது, கைமாறி வந்தது. பிள்ளைகள் கைகூப்பும் குறி ஒன்றை அனுப்புகின்றனர். தொடர்பு அறவில்லை. ஆயினும் உரையாடல் நிகழ்ந்ததா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல நா எழவில்லை.

இத்தகைய காலத்தில் மாந்தர் உரையாடலையும் உறவையும் பொருளாகக் கொண்ட கலை எவ்வாறு அமையும்? இவ்வினா புதிது போலத் தோன்றும். ஆனால் பிரிந்து வாழ்வோர் எதன் வாயிலாகப் பேசிக்கொள்வது, அப்பேச்சு எப்போது கலையாகிறது என்பவை தமிழர் மிகப் பழங்காலத்திலேயே ஆராய்ந்த செய்திகள். கடல் கடந்து வந்த தமிழர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய மலாக்கா மண், அவ்வாராய்ச்சிக்கு வேறெங்கும் கிடைக்காத சான்றுகளைத் தருகிறது. அவற்றை முறையே காண்போம்.

தொல்காப்பியர் கண்ட உறுப்பு

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகளை முப்பத்துநான்கு என எண்ணித் தருகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி, யாப்பு என்பன போன்றவை அவற்றுள் இடம்பெறுதல் வியப்பன்று. எந்நாட்டு யாப்பு நூலும் இவற்றைப் போன்றவற்றைக் கூறும். வியப்பு யாதெனின், அப்பட்டியலில் 'கூற்று' என்பதும் 'கேட்போர்' என்பதும் தனித்தனி உறுப்புகளாக நிற்பதேயாகும். சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பவை பாட்டுக்குப் புறம்பான குறிப்புகள் அல்ல. சீரும் தளையும் போல அவையும் பாட்டின் உடம்பு. கேட்பவர் இன்னார் என்று தெளியாத பாட்டு, அடி குறைந்த பாட்டைப் போல உறுப்புக் குறையுடையது என்பதே இதன் பொருள்.

அகப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனை நன்கறிவர். தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி செவிலிக்குச் சொன்னது, தலைவன் தன் பாகனுக்குச் சொன்னது என்றே ஒவ்வொரு பாட்டும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. புலவன் தானே முன்வந்து உலகத்தாரை நோக்கிப் பேசுவதில்லை. ஒருவர் மற்றொருவரிடம் பேசுவதை நாம் அருகிருந்து கேட்கிறோம். சங்க அகப்பாட்டு முழுவதும் உரையாடலின் ஒரு பாதி என்று சொன்னால் மிகையாகாது. மறுபாதி கேட்பவர் உள்ளத்தில் நிகழ்கிறது.

பிரிந்தாரை இணைக்கும் வாயில்களாகத் தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர், கண்டோர் முதலிய பன்னிருவரைக் கற்பியல் குறிக்கிறது. இவர்கள் வெறும் செய்தி சுமப்போர் அல்லர். பாணன் பொய் சொன்னால் தலைவி ஊடுவாள். தோழி இசைந்தால்தான் வாயில் திறக்கும். எனவே வாயிலின் இயல்பு பேச்சின் இயல்பை மாற்றும் என்பதும் அக்காலத்தார் அறிந்ததே.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை, நெஞ்சு முதலிய கேளாதவற்றையும் கேட்பன போலவும், பேசாதவற்றைப் பேசுவன போலவும் கொண்டு பேசுதல் செய்யுளில் அமையும் என்று அவ்வாசிரியரே விதி வகுத்தார். 'போல' என்று அவர் சொன்னதை நினைவில் வைக்க வேண்டும். கடலோடு பேசுபவள் கடல் கேட்காது என்பதை அறிவாள், அறிந்தே பேசுகிறாள். அவ்வறிவினால்தான் அப்பேச்சு நெஞ்சை உருக்குகிறது. இக்காலத்துப் பேசும் பொறிகளைப் பற்றி எண்ணும்போது இவ்விதிக்கு மீண்டும் வருவோம்.

காணா நட்பும் மாலை வேண்டும் தூதும்

முகம் காணாமல் நட்புக் கொள்ளுதல் கணினி கொணர்ந்த புதுமை என்று பலர் நினைக்கின்றனர். பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் நேரிற் காணாமலே நட்புப் பூண்டவர். வடதிசை நோக்கிப் பறக்கும் அன்னச்சேவலை அழைத்து, உறையூர் மாடத்தில் இறங்கித் தம் பெயரைச் சொன்னால் சோழன் உன் பெடைக்கு அணிகலன் தருவான் என்று ஆந்தையார் பாடியது புறநானூற்றில் உள்ளது. சோழன் வடக்கிருந்தபோது, காணாத அந்நண்பருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். அருகிருந்தோர் ஐயுற்றனர். ஆந்தையார் வந்தார், உடன் வடக்கிருந்து உயிர் நீத்தார். நட்புக்குப் பழகுதல் வேண்டுவதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் குறளுக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டாகக் கூறுவார்.

ஈண்டு நாம் கருத வேண்டியது ஒன்று. அன்னத்தை விடுத்ததோடு அந்நட்பு முடியவில்லை. இடம் ஒதுக்கியது ஒரு மறுமொழி. வந்து சேர்ந்தது அதற்கும் மறுமொழி. காணாமை குறையாகாதபடி அவர்களைக் காத்தது மறுமொழியே.

பிற்காலத்தில் தூது ஒரு தனிச் சிற்றிலக்கியமாயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் பாடிய 'நெஞ்சு விடு தூது' மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்று. மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூதாக அனுப்பும் 'தமிழ் விடு தூது' ஆசிரியர் பெயர் தெரியாத நூல், 1930-இல் உ.வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர் பால் கிளியை அனுப்பினார். கலிவெண்பாவில் அமையும் இந்நூல்களில் தூதின் பெருமை விரிவாகக் கூறப்படும். பாட்டுடைத் தலைவன் புகழ் கூறப்படும். செல்லத்தகாத காலமும் செல்லத்தக்க காலமும் கூறப்படும். இறுதியில் வேண்டப்படுவது ஒன்றே: மாலை வாங்கி வா. மாலை வாங்காத தூது நிறைவுறாது.

எதை அனுப்புவது என்பதில் புலவர்கள் எல்லையின்றிப் புதுமை செய்தனர். நெல்லும் துகிலும் பணமும் புகையிலையும்கூடத் தூது சென்றன. வாயில் மாறினும் யாப்பின் முடிவு மாறவில்லை. அனுப்பியவர் விடையை எதிர்நோக்கி நின்றார்.

பாடிப் பாடி விடை கூறிய மலாக்கா

இனித் துறைமுக மலாக்காவுக்கு வருவோம். 1400-ஐ ஒட்டி எழுந்த இந்நகரில் நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், அயல்நாட்டு வணிகரைக் கவனித்தனர். அவருள் ஒருவர் பொறுப்பில் சோழமண்டலக் கரை வணிகரும் இருந்தனர். 1511-இல் போர்த்துக்கீசியரும், 1641-இல் ஒல்லாந்தரும், 1824 உடன்படிக்கையால் ஆங்கிலேயரும் ஆட்சியைக் கைக்கொண்டபோதும் தமிழ் வணிகர் வழிவந்தோர் இங்கேயே வேரூன்றினர். அவர்களே மலாக்காச் செட்டிகள். 1781-இல் எழுப்பப்பட்ட பொய்யாத விநாயகர் கோயில் அவர்கள் உருவாக்கியது; நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் அஃது ஒன்று.

செட்டி மக்கள் சைவ வழிபாட்டைக் கைவிடவில்லை. பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுகின்றனர். முன்னோர்க்கு வாழையிலையில் படைக்கின்றனர். பிள்ளை, படையாட்சி, நாயக்கர் முதலிய பெயர்களைச் சுமக்கின்றனர். ஆனால் வீட்டுமொழி மலாய். கோயில் இருந்தது, சடங்கு இருந்தது, பெயர் இருந்தது. தமிழ்ப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. உள்ளூர்ப் பெண்களை மணந்த வணிகரின் இல்லங்களில் தாய் பிள்ளையிடம் பேசிய மொழி மலாய் ஆனதே இதன் காரணம். ஒரு மொழி வழிபாட்டினால் மட்டும் வாழ்வதில்லை, கேட்டு விடை கூறும் நாக்குகளினால் வாழ்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனைச் செட்டி மக்களின் குறையாகக் கருதுவோர் மறுபக்கத்தையும் காண வேண்டும். பேச்சு மொழி மாறினாலும் பேச்சுக்கலையை அவர்கள் இழக்கவில்லை. மலாக்காவுக்கே உரிய 'டொண்டாங் சயாங்' என்னும் பாட்டுக்கலையை மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டி, போர்த்துக்கீசியர் ஆகிய நான்கு இனத்தாரும் போற்றி வருகின்றனர். 'சயாங்' என்றால் அன்பு. வயலினும் ரெபானாப் பறையும் சேகண்டியும் முழங்க, இருவர் எதிரெதிர் நின்று பந்தூன் பாடல்களால் ஒருவர்க்கொருவர் விடை கூறுவர். 2018-இல் யுனெஸ்கோ இதனை மாந்த இனத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

பந்தூன் நான்கடிப் பாட்டு. ஒன்றாம் அடியும் மூன்றாம் அடியும், இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இயைபு பெறும். முதல் இரண்டு அடிகள் பூ, பறவை, ஆறு, படகு என ஏதேனும் ஒரு காட்சியை நிழலாகக் காட்டும். பின் இரண்டு அடிகள் உட்கருத்தைச் சொல்லும். நம் உள்ளுறை உவமத்தைக் கற்றவர்க்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது. இரண்டிற்கும் கொடுக்கல் வாங்கல் உண்டென்று வலிந்து நிறுவ வேண்டுவதில்லை. நெஞ்சிற் கிடப்பதை நேரே சொல்லாமல் நிலத்தின் மேல் வைத்துச் சொல்லும் நாகரிகம் இரு மக்களுக்கும் பொதுவாக இருந்தது என்றால் போதும்.

டொண்டாங் சயாங் பாடுவோர்க்கு இன்றியமையாத ஆற்றல் எது? குரல் இனிமை அன்று, மனப்பாடமும் அன்று. எதிரே நிற்பவர் சொன்னதைக் கூர்ந்து கேட்டு, அதற்கு அப்பொழுதே பொருந்த விடை தொடுக்கும் ஆற்றலே அது. கேளாதவர் பாட இயலாது. 'கேட்போர்' என்னும் உறுப்பு இங்கே மேடையில் உயிரோடு நிற்கிறது.

மொழிகளும் இங்ஙனமே ஒன்றுக்கொன்று விடை கூறின. கப்பல், கடை, முதல், கட்டில், பெட்டி என்னும் தமிழ்ச் சொற்கள் மலாயில் கலந்தன. மாப்பிள்ளை என்பதும் 'மெம்பெலாய்' ஆயிற்று. கடைத்தெருவிலும் திருமணப் பந்தலிலும் பேச்சு நடந்ததற்கு இச்சொற்களே சாட்சி. பின்வந்த தோட்டத் தமிழரோ கித்தா, கம்பம், பசார் என மலாய்ச் சொற்களை ஏற்றுக்கொண்டனர்.

தோட்டத்து நலமும் நலமறிய ஆவலும்

அத்தோட்டத் தமிழர் வந்த வரலாறு வேறு. 1896-இல் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். வாணிக நோக்கில் இந்நாட்டில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்த தலைமுறைக்குள் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் சுற்றுவட்டமெங்கும் பால்மரங்கள் நிரல்பட நின்றன. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டினர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வரத்து நீடித்தது.

பால்வெட்டு தனிமையான தொழில். நாற்று நடும் பெண்கள் வரிசையாக நின்று பாட, ஒருத்தி தொடங்க மற்றவர் ஏற்றுப் பாடும் வழக்கம் ஊர்வயலில் இருந்தது. விடியுமுன் அவரவர் நிரைக்குத் தனித்தனியே போகும் வெட்டுக்காட்டில் அதற்கு இடம் குறைவு. எனவே பேச்சும் பாட்டும் லயத்து வாசலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து சேர்ந்தன. கும்மியும் கோலாட்டமும் எசப்பாட்டும் அங்கே வாழ்ந்தன. தஞ்சைப் பகுதியினர் அறிந்த லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவினர் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதிடுவர். விடை தெரியாமல் வாதிட்டவர் அல்லர் அவர். வாதிடும் இன்பமே அதன் பயன்.

ஊரில் விட்டு வந்தவரோடு பேசக் கடிதம் ஒன்றே வழி. எழுத்தறியாதவர் சார்பில் கிராணியோ பள்ளி ஆசிரியரோ எழுதுவார். அங்கே ஊரிலும் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்துச் சொல்வார். கணவன் மனைவிக்கு எழுதிய கடிதம் இவ்வாறு நான்கு பேர் வாய்வழி சென்றது. அதனால்தான் 'நலம், நலமறிய ஆவல்' என்னும் தொடர் அத்துணை நிலைபெற்றது. பிறர் முன்னிலையில் சொல்ல முடியாததையெல்லாம் அவ்விரு சொற்களுக்குள் அடக்கி அனுப்பினர். அது வெறும் வாய்பாடு என்று எள்ளுதல் ஆகாது. முதற்சொல் தன்னைப் பற்றிக் கூறுகிறது; அடுத்தது மறுமொழி கேட்கிறது. ஒரு தூதுப் பிரபந்தத்தின் சுருக்கம் அதனுள் இருக்கிறது.

1942-43-இல் சப்பானியர் சயாம் இரயில்பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுசென்றனர். திரும்பியோர் சிலர். திரும்பாதவர்க்குக் கடிதமும் இல்லை, மறுமொழியும் இல்லை. அவ்விடத்தில் பெண்களுக்குக் கைகொடுத்தது ஒப்பாரி. இறந்தவனை முன்னிலைப்படுத்தி, ஏன் போனாய் என்று கேட்பது ஒப்பாரியின் இலக்கணம். கேளாதாரைக் கேட்பார் போலக் கொண்டு பேசலாம் என்று தொல்காப்பியர் வகுத்த விதி, ஏட்டைக் கண்டிராத அத்தாய்மார் வாயில் நின்று நிலவியது.

போருக்குப்பின் பத்திரிகை புதிய வாயிலாயிற்று. 1924-இல் தோன்றி 2019-இல் நின்ற 'தமிழ் நேசன்' நாளிதழில் 1950-51-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். பாடம் தாளில் வரும். படித்தவர் கதை எழுதி அனுப்புவர். பிழையும் பெருமையும் எடுத்துக்காட்டப்படும். ஒருவரையொருவர் காணாத ஆசிரியரும் மாணவரும் அஞ்சல் வழியே ஒரு பள்ளி அமைத்தனர். சிங்கப்பூரில் 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு', 'மாணவர் மணிமன்றம்' வாயிலாக இளையோரை எழுத வைத்தது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையும் கவிதையும் செழித்ததற்கு இவை பெருங்காரணம். இவ்விதழ்கள் படைப்புகளை வெளியிட்டதோடு அமையாமல் அவற்றுக்கு விடையும் எழுதின. தோட்டப் பள்ளி மாணவன் ஒருவன் தன் எழுத்து எங்கோ ஒருவரால் படிக்கப்பட்டது என்பதை அவ்விடையினால் அறிந்தான். அறிந்ததனால் மீண்டும் எழுதினான்.

கண்ணாடித் திரையின் காலம்

1950-களின் இறுதியிலேயே தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதனை எதிர்கொள்ளவே 1960-இல் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பின்னர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீட்டுமனை வந்தது. லயம் கலைந்தது. லயத்தோடு லயத்து வாசற் பேச்சும் கலைந்தது. அடுத்த வீட்டுக்காரர் அடுத்த நகரத்துக்காரர் ஆயினர். அவர்களை மீண்டும் ஒன்றுசேர்க்க வந்ததே கைப்பேசி. அதனை வெறுப்பது நன்றி மறப்பதாகும்.

அவ்வாயிலில் தமிழ் நுழைவதற்கு இவ்வட்டாரத் தமிழரே முன்நின்றனர் என்பது நாம் பெருமைப்படத்தக்கது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகனாகிய முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூர் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995-இல் இணையத்தில் தமிழை ஏற்றினார். 2005 பொங்கலின்போது முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியிடப்பட, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புதல் கைகூடியது. தமிழ் விடு தூதின் புலவர் தமிழைத் தூதாக அனுப்பினார். இவர்கள் தூது செல்லத் தமிழுக்குக் கால் அமைத்துக் கொடுத்தனர்.

கால் அமைந்தது, மாலை வந்ததா? வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் ஒரு நாளில் வரும் செய்திகளை எண்ணிப் பார்த்தால், தாமே எழுதியவை சில, வந்ததை வந்தபடியே தள்ளியவை பல. தள்ளியதற்குக் கூற்றுடையார் இல்லை. கேட்போரும் இன்னார் என்றில்லை. இரண்டு உறுப்பும் அற்ற பேச்சு அது. வாயில் பழுது என்று சொல்வதற்கில்லை. பன்னிரு வாயில்களும் கூடிச் செய்ய முடியாததைக் கைப்பேசி ஒரு நொடியில் செய்கிறது. ஆனால் என்ன சொல்வது, யாருக்குச் சொல்வது என்பதை அது நமக்காக எண்ணித் தராது.

எண்ணித் தருவதாகச் சொல்லும் பொறிகளும் வந்துவிட்டன. இவற்றின் வரலாறு பலர் கருதுவதினும் பழையது. முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடிய அதே 1966-இல், அமெரிக்கப் பேராசிரியர் யோசப் வைசன்பாம் 'எலைசா' என்னும் உரையாடும் நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஒருவர் எழுதியதையே வினாவாகத் திருப்பிக் கேட்பது அதன் சூழ்ச்சி. அஃது எதையும் உணரவில்லை என்பதை நன்கறிந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனித்துப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியேறுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். அதிர்ந்த வைசன்பாம் 1976-இல் இதனைப் பற்றி எச்சரித்து ஒரு நூலே எழுதினார்.

இதற்கு மறுதலையாக ஒரு நிகழ்ச்சி சப்பானில் உண்டு. ஓட்சுச்சி என்னும் கடற்கரை ஊரில் சசாகி இதாரு என்பவர் 2010-இல் உறவினர் ஒருவரை இழந்த துயரால் தம் தோட்டத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு வைத்தார். அத்தொலைபேசிக்குக் கம்பி இணைப்பு இல்லை. இறந்தவரோடு பேச விரும்புவோர் பேசலாம். சொல்லைக் காற்றுக் கொண்டுசெல்லும் என்றார். 2011 மார்ச் 11-இல் ஆழிப்பேரலை அவ்வூரைச் சூறையாடியபின், உறவிழந்தோர் பல்லாயிரவர் வந்து அக்கருவியில் பேசிச் சென்றனர்.

இவ்விரண்டும் கேளாப் பொருளோடு பேசுவனவே. எனினும் வேறுபாடு பெரிது. காற்றுத் தொலைபேசியில் பேசுபவர் மறுமுனையில் யாரும் இல்லை என்பதை அறிவார். நம் ஒப்பாரிப் பெண்டிரும், கடலோடு பேசிய தலைவியும் அவ்வாறே அறிந்து பேசினர். 'போல' என்னும் சொல் அங்கே காவல் நிற்கிறது. விடை கூறும் பொறியோ அக்காவலை மெல்ல அகற்றுகிறது. கேட்பது போல என்பது கேட்கிறது என்றே ஆகிவிடுகிறது. இக்காலத்து உரையாடலைப் பொருளாக்க விரும்பும் கலைஞன் காக்க வேண்டிய எல்லைக்கோடு இது. பொறியைப் பாடலாம், பொறியோடும் பாடலாம். 'போல' என்பதை மறந்து பாடலாகாது.

ஆசிரியர் கையில் உள்ளது

இவ்வளவும் கூறியதன் நோக்கம் பழம்பெருமை பேசுதல் அன்று. மலாக்காவில் இருபதை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றிற் பயிலும் பிள்ளைகள் கைப்பேசியோடு பிறந்தவர்கள். அவர்களிடம் கைப்பேசியைத் தொடாதே என்று சொல்லிப் பயனில்லை. அவர்கள் அனுப்பும் செய்திக்குக் கேட்போர் என்னும் உறுப்பைச் சேர்க்கக் கற்பிப்பதே செய்யத்தக்கது.

அதற்குரிய கருவிகள் நம் மரபிலேயே கிடக்கின்றன. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கம். ஒரு மாணவன் முடித்த சொல்லை மற்றொருவன் எடுத்துத் தொடங்குமாறு குழுவில் அந்தாதி வளர்த்தால், முன்னவன் எழுதியதைப் படியாமல் பின்னவன் எழுத இயலாது. ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் செய்தல் பழைய புலவர் விளையாட்டு. குறுஞ்செய்தியின் அளவுக்கு அது மிகப் பொருந்தும். எழுத நேரமில்லாத தாத்தாவும் பாட்டியும் குரற்பதிவு அனுப்புகின்றனர். அவர்களிடம் பேரப்பிள்ளை கேள்வி கேட்டு விடை பெற்றுச் சேர்த்து வைத்தால், ஏட்டில் ஏறாத தோட்டத்து வாழ்வு அவர்தம் குரலிலேயே நிலைபெறும். கிராணி எழுதிய கடிதங்களில் தொழிலாளியின் குரல் இல்லை. பெரும்பாலான கடிதங்களும் இன்று இல்லை. அவ்விழப்பு மறுமுறையும் நேரலாகாது.

டொண்டாங் சயாங் மேடைக்கு நம் மாணவரை ஒருமுறை அழைத்துச் செல்வதும் நன்று. தம் முன்னோரைப் போன்ற தமிழ் வணிகரின் வழிவந்தோர் மலாயில் பாடி விடை கூறுவதை அவர்கள் கேட்கட்டும். தமிழ்ப் பேச்சு நின்றுபோன வரலாற்றையும், பேச்சுக்கலை நில்லாமல் ஓடும் வரலாற்றையும் ஒரே மேடையில் அவர்கள் காணலாம். முன்னது எச்சரிக்கை, பின்னது நம்பிக்கை.

2020 மார்ச்சில் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, இறந்தவர் முகத்தைக் கண்ணாடித் திரையிற் கண்டு அழுத குடும்பங்கள் உண்டு. அந்நாளில் மலர்ப்படக் காலை வணக்கம் யாருக்கும் ஆறுதல் தரவில்லை. பெயர் சொல்லி அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருந்த குரலே ஆறுதல் தந்தது. அக்குரலுக்கு யாப்பு அமைக்கும் புலவன் இனித்தான் வர வேண்டும். அவன் இப்போது மலாக்காத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் வகுப்பறையில் அமர்ந்திருக்கலாம். அவன் எழுதுவதைப் படித்து விடை எழுதும் கடமை, கதை வகுப்பு நடத்தியோர் வழிவந்த தமிழாசிரியர்க்கு உரியது.